வேறு காரணம் இருக்கலாம்

எங்கள் மாடியை வாடகைக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் வாடகையைத்தான் கேட்டார்கள். அந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் நேரே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது. அதை மூடாமல் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு பக்கெட் நிரம்பி வழிந்தது. மோட்டார் போட்டு ஏற்றிய தண்ணீர் கண்ணெதிரே வீணாகப் போனது.

"எப்பவும் இப்படித்தாம்மா வரும்," என்றாள் என் மனைவி.

"இப்ப வருதுங்க," என்றார் அவர். "நாளைக்குச் சாயந்திரம் ஒரு தரம் வந்து பாக்கறேன்."

சொன்னபடியே மறுநாள் சாயந்திரம் வந்து திறந்து பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோரும் குளித்து முடித்த நேரமாகப் பார்த்து இன்னொரு முறை வந்தார். மூன்று முறையும் தண்ணீர் வந்தது. இப்போதாவது நம்பிக்கை வந்ததா என்று சற்றுக் கேலியாகவே கேட்டேன். "மூணு தரம் வந்திருக்குது சார்," என்றார். அந்த வாரமே சாமான்களோடு குடிவந்துவிட்டார்.

அவருக்கு ஐம்பது வயது இருக்கலாம். ஒல்லியான உடம்பு. கண்ணாடியை ஒரு கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். சொந்த ஊர் நகரிப் பக்கம் ஒரு கிராமம் என்றார். சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் லேப்புக்காரம்மாதான்.

சென்னையில் வேலை பார்ப்பவர் எதற்குத் திருத்தணியில் வந்து குடியிருக்க வேண்டும் என்பது முதல் நாளிலிருந்தே எனக்கு உறுத்தியது. கேட்டதற்கு, ரயில் வண்டி இங்கிருந்து கிளம்புவதால் உட்கார இடம் கிடைக்கிறது என்றார். அது ஒரு காரணமா? ஒரு மாதம் கழித்து வயதான ஒருவர் வந்து மாடியில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். யார் என்றதற்கு அண்ணன் என்றார் அந்த அம்மாள். அண்ணன் என்றால் ஒரு வாய் காப்பி கூடக் குடிக்காமலா போவார்? நான் அரக்கோணத்தில் ரயில்வே ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போல்ட்டையும் நட்டையும் எண்ணி எண்ணி, வீட்டிலும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. கொடியில் காயும் துணியை எண்ணுவேன். வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணுவேன். கணக்கில் இடிக்கிற எதையும் என்னால் அப்படியே விட முடியாது. அந்த அம்மாள் வந்த நாளிலிருந்து எனக்கு எங்கேயோ இடித்துக்கொண்டே இருந்தது.

ஆனால் சந்தேகப்படுவதில் அவர் என்னை எங்கேயோ விட்டுவிட்டுப் போய்விட்டார் என்பது பழகப் பழகத்தான் தெரிந்தது.

குடிவந்த புதிதில் என் மனைவி ஒருநாள் கத்தரிக்காய்க் காரக்குழம்பு கொடுத்தனுப்பினாள். மறுநாள் கிண்ணத்தைத் திருப்பித் தர வந்தவரிடம் எப்படி இருந்தது என்று ஆசையாகக் கேட்டாள். அவர் சிறிது நேரம் உண்மையாகவே யோசித்தார். "நல்லா இருந்துச்சுங்க. ஆனா நேத்து வண்டி லேட்டு. எனக்கு ரொம்பப் பசி. அதனால நல்லா இருந்துச்சான்னு சொல்லத் தெரியல," என்றார். அதோடு மாடிக்குக் குழம்பு போவது நின்றுவிட்டது.

என் முழங்கால் வலி ஒரு தைலத்தில் தணிந்தபோது அவரிடம் சொன்னேன். மழை நின்று வெயில் வந்து நாலு நாளாகிறதே என்றார். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மந்திரித்துக் காய்ச்சல் இறங்கியபோது, மூன்றாவது நாள் அது தானாகவே இறங்குகிற காய்ச்சல்தான் என்றார். இப்படிச் சொல்லிவிட்டு முடிவில், "மந்திரிச்சதாவும் இருக்கலாம்ங்க. நான் இல்லேன்னு சொல்லல. வேற எதுனா காரணமும் இருக்கலாம்," என்பார். இந்த "வேற எதுனா காரணம்" அவர் வாயில் வராத நாளே கிடையாது.

கிருத்திகை தவறாமல் மலைக்குப் போவார். வரிசையில் நின்று தரிசனம் செய்துவிட்டு வருவார். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று என் மனைவி கேட்டால், "வேண்டிக்கறதில்லீங்க. பாத்துட்டு வரேன்," என்பார். வேண்டிக்கொண்டு அது நடந்துவிட்டால் குழப்பமாகிவிடும் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று நாங்கள் பேசிச் சிரித்தோம். ஏன் இப்படி எதையும் நம்பாமல் இருக்கிறீர்கள் என்று ஒருமுறை என் மனைவி நேராகவே கேட்டுவிட்டாள். "எங்க நைனா செத்த வாரம், ஆள் தேறிட்டாருன்னு ஊரே சொல்லிச்சு," என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

அவர் பார்க்கும் வேலை என்ன என்பது தெரியவந்தது கள்ளிமுளையானால். எங்கள் மலைச்சரிவுகளில் பாறைச் சந்தில், முட்புதருக்கு அடியில், இலையே இல்லாமல் விரல் விரலாக நான்கு பட்டையோடு முளைத்து நிற்கும் செடி அது. ஆடு மேய்ப்பவர்கள் ஒடித்து, விளிம்பைச் சீவிவிட்டு, உப்புத் தொட்டு மெல்லுவார்கள். மென்றால் உச்சிவேளைப் பசி தெரியாது. ஆந்திரப் பக்கம் புளி சேர்த்துப் பச்சடியே அரைப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் அதைக் கூறு கட்டி வைத்திருந்த கிழவியிடம் அந்த அம்மாள் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, எந்தப் பாறையில் பறித்தது, எப்போது பறித்தது, மழைக்கு முன்னாலா பின்னாலா என்று துருவிக்கொண்டிருந்தார். பொறுமை இழந்த கிழவி, "வாங்கறதா இருந்தா வாங்கு, பொண்ணு கட்டப் போற மாதிரி கேக்கற," என்றாள்.

திரும்பி நடந்து வரும்போது விஷயத்தைச் சொன்னார். அந்தச் செடியிலிருந்து ஒரு கசப்புச் சத்தைப் பிரித்தெடுத்து, அது கொழுப்புச் செல்களை என்ன செய்கிறது என்று அவர்கள் கூடத்தில் பார்க்கிறார்களாம். சுண்டெலியிலிருந்து எடுத்துக் கண்ணாடித் தட்டுகளில் வளர்க்கும் செல்கள். தீனி கொடுத்துப் பழக்கினால் அவை கொழுப்பைத் துளித் துளியாகத் தமக்குள் சேர்க்கும். சிவப்புச் சாயம் ஊற்றினால் கொழுப்பு மட்டும் சிவக்கும். சில தட்டுகளில் கள்ளிமுளையான் சத்தைச் சேர்ப்பார்கள். சிலவற்றில் சேர்க்க மாட்டார்கள். பிறகு எதில் சிவப்பு குறைவு என்று பார்ப்பார்கள். இல்லாதவர்கள் பசி தாங்க மென்ற செடியை, தின்று கொழுத்தவர்களுக்காக ஆராய்கிறார்களே என்று எனக்குப் பட்டது. சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

இந்தச் செய்தி திருவாலங்காட்டில் இருந்த என் மைத்துனன் காதுக்கு எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. கரும்பு போட்டுக்கொண்டிருந்தவன், அந்த வருஷம்தான் புதிதாக ஒரு தொழிலில் இறங்கியிருந்தான். ஆடு மேய்ப்பவர்களிடம் கள்ளிமுளையானை வாங்கி, உலர்த்தி, பொடியாக்கி, உடம்பு இளைக்கும் பொடி என்று டப்பாவில் அடைத்து விற்றான். கெட்டவன் அல்ல. விற்றதை அவனும் சாப்பிட்டான், தன் பெண்டாட்டிக்கும் கொடுத்தான். ஒருநாள் இரண்டு டப்பாவோடு வந்து, "பாவா, மாடியில இருக்கறவங்க நம்ம செடியத்தான் ஆராய்ச்சி பண்றாங்களாமே. நல்லதுன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்களேன்," என்றான். அந்த அம்மாளைக் கீழே கூப்பிட்டோம்.

எலி செல்லில்தான் பார்க்கிறோம், அதுவும் ஒரு தட்டில் என்று அவர் விளக்கினார்.

"எலிக்கே வேலை செய்யுதுன்னா மனுசனுக்குச் செய்யாதாம்மா?" என்றான் மைத்துனன்.

"எலிக்கு இல்லீங்க. எலியோட செல்லுக்கு. அந்த எலி செத்து எத்தினி வருஷமோ ஆச்சு."

அவன் டப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். போகும்போது ஒரு டப்பாவை என் மகளிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

என் மகளைப் பற்றி இங்கே சொல்லத்தான் வேண்டும். முப்பத்தொரு வயது. அரக்கோணத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கணக்கு எழுதுகிறாள். கெட்டிக்காரி. உடம்பு மட்டும் கொஞ்சம் கனம். மூன்று இடத்திலிருந்து பெண் பார்க்க வந்து, பஜ்ஜி சாப்பிட்டு, வீடு போய்ச் சேர்ந்து தெரிவிக்கிறோம் என்று சொல்லிப் போனவர்கள் யார் மூலமாகவோ அந்தக் கனத்தையேதான் காரணமாகச் சொல்லியனுப்பினார்கள். மூன்றாவது கூட்டம் வந்து போன அன்று நான் வழக்கம்போல வாசல் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நைனா, செருப்ப எண்ணது போதும். வந்தவங்கள்ல எத்தினி பேரு திரும்பி வந்தாங்கன்னு எண்ணு," என்றாள். நான் வாசலை விட்டு எழுந்தேன்.

ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி எடுப்பதாக அவள் வேண்டிக்கொண்டு மாலை போட்டாள். மாலை போட்ட அன்றே, மாமன் கொடுத்த பொடியையும் வெந்நீரில் கலந்து குடிக்க ஆரம்பித்தாள்.

அந்த நாட்களில்தான் லேப்புக்காரம்மா என்னிடம் ஒரு வேலை கொண்டு வந்தார். ஒரு கட்டுப் படங்கள். வெள்ளை வேட்டியில் துவரை காயப்போட்டதுபோல வெளிறிய பரப்பில் சிவப்பு மணிகள். நடுநடுவே நீலப் புள்ளிகள். ஒவ்வொரு படத்திலும் சிவப்பு எத்தனை, நீலம் எத்தனை என்று தனித்தனியாக எண்ணிச் சொல்ல வேண்டும். நீலம் ஒவ்வொன்றும் ஒரு செல், சிவப்பு அதற்குள் சேர்ந்த கொழுப்பு. உங்கள் கூடத்தில் இதற்கு மெஷின் இல்லையா என்றேன்.

"இருக்குது சார். அது எண்ணுது. அதையும் நம்ப முடியாது. எங்க ஆளுங்க எண்ணினா எது மருந்துத் தட்டுன்னு தெரிஞ்சுகினு எண்ணுவாங்க. எனக்குமே இது எதுன்னு தெரியாது. வேற ஒருத்தரு நம்பர் ஒட்டினது. என் கண்ணையும் நம்ப முடியாது இல்ல?"

தன் கண்ணையே நம்பாதவர் என் கண்ணை மட்டும் எப்படி நம்பினார் என்று யோசித்தேன். யோசித்தது சரிதான். ஒன்பதாவது படத்தையும் இருபத்திரண்டாவது படத்தையும் எண்ணி முடித்த பிறகு எனக்குள் ஏதோ தட்டியது. இரண்டும் ஒரே படம். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாடிப்படியில் நின்றே, என்னைச் சோதிக்கிறீர்களா என்று கேட்டேன். "உங்கள இல்ல சார். எண்ணிக்கைய," என்றார் அமைதியாக. என் இரண்டு எண்ணிக்கையையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "மூணுதான் வித்தியாசம்," என்றார். அது பாராட்டா குறையா என்று எனக்கு இன்று வரை தெரியாது. ஆனால் மறுவாரமும் எண்ண உட்கார்ந்தேன்.

கிருத்திகை நெருங்க நெருங்க என் மகள் இளைத்தாள். கன்னம் வற்றி, பழைய ரவிக்கை தொளதொளத்தது. மைத்துனனுக்குத் தலைகால் புரியவில்லை. பொடி, பொடி என்று தெருவெல்லாம் சொன்னான். என் மனைவிக்கு அதில் உடன்பாடில்லை. அது முருகன் கொடுத்தது என்றாள். அக்காவும் தம்பியும் கூடத்தில் இதைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் லேப்புக்காரம்மா வேலையிலிருந்து திரும்பி வந்தார். இருவரும் அவரை நியாயம் சொல்லச் சொன்னார்கள்.

அவர் மைத்துனனிடம்தான் கேட்டார். "உங்க பொடி வாங்கினவங்க எல்லாம் எப்ப சாப்பிட ஆரம்பிச்சாங்க?"

"மாலை போடற அன்னிக்குத்தாம்மா குடுப்பேன். தட்டுல வெத்தல பாக்கு வெச்சு. நல்லத நல்ல நாள்லதானே ஆரம்பிக்கணும்?"

"அப்ப எல்லாருமே ஒருவேளைதான் சாப்பிட்டுகினு இருந்தாங்க."

"ஆங்."

"மலைக்கு நடந்து ஏறினாங்க."

"ஆங். வேண்டுதலாச்சே."

"பொடி சாப்பிடாம மாலை மட்டும் போட்டவங்க இளைக்கலீங்களா?"

மைத்துனன் தாடையைச் சொறிந்தான். அவன் பொய் சொல்லத் தெரியாதவன். "அவங்கள யாரு பாத்தா?" என்றான்.

என் மனைவி வெற்றிச் சிரிப்போடு, அப்படியானால் முருகன்தானே என்றாள். ஒருவேளைச் சாப்பாடாகவும் இருக்கலாம் என்றார் அந்த அம்மாள். ஒரே வாயில் பொடியையும் முருகனையும் தள்ளிவிட்டு மாடியேறிப் போய்விட்டார். அன்று அக்காவும் தம்பியும் சமாதானமாகிவிட்டார்கள். இருவருக்கும் சேர்ந்து கோபப்பட ஓர் ஆள் கிடைத்துவிட்டது.

எனக்கும் அவர் மேல் கோபம்தான். பெண் இளைத்திருக்கிறாள், சந்தோஷமாக இருக்கிறாள். அதில் மூக்கை நுழைப்பானேன்? ஆளுக்குப் பொறாமையோ என்று கூடத் தோன்றியது. பிறருடைய நல்லதை நல்லதாக இருக்க விடாத ஜாதி சிலர் உண்டு.

காவடி நல்லபடியாக முடிந்தது. ஆனாலும் என் மகள் ஒருவேளைச் சாப்பாட்டை விடவில்லை, பொடியையும் விடவில்லை. ஐப்பசியில் வாலாஜாவிலிருந்து ஒரு இடம் பார்க்க வருவதாகப் பேச்சு. அதுவரை இப்படியே இருந்துவிடுகிறேன் என்றாள். ஆனால் காலையில் எழுந்ததும் குமட்டினாள். வேலையிலிருந்து வந்தால் செருப்பைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்துவிடுவாள். விரதக் களைப்பு என்றாள் என் மனைவி.

அந்தச் சமயத்தில் கடைசிக் கட்டுப் படங்களை எண்ணிக் கொடுத்தேன். அதற்குள் எனக்கே ஒரு பிடிப்பு வந்திருந்தது. சில படங்களில் சிவப்பு மிகவும் குறைவு. அவைதான் கள்ளிமுளையான் தட்டுகளாக இருக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் எந்த எண் எந்தத் தட்டு என்று பொருத்திக்கொண்டு கீழே வந்தார். என் ஊகம் சரி. மைத்துனன் பொடிக்குக் கடைசியில் ஒரு நல்ல வார்த்தை கிடைத்துவிட்டது என்று நினைத்து, கொழுப்பு குறைந்திருக்கிறதே என்றேன். அவர் என் எண்ணிக்கையில் இன்னொரு வரிசையைக் காட்டினார். அந்தத் தட்டுகளில் நீலமும் குறைந்திருந்தது. சிவப்பு எவ்வளவு குறைந்ததோ ஏறத்தாழ அவ்வளவு. எண்ணியவன் நான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

"ஒரு கிளாசுல பசங்க சத்தம் கொறைஞ்சிருக்குதுன்னு வைங்க," என்றார். "அடங்கி ஒக்காந்துட்டாங்களா, எழுந்து வீட்டுக்குப் போயிட்டாங்களான்னு பாக்கணும் இல்ல சார். இங்க கொழுப்பு கொறையல. செல்லே கொறைஞ்சிருக்குது. செத்திருக்குது."

அப்படியானால் பொடி விஷமா என்றேன். உடனே அவர் தன் பழைய பாட்டுக்குத் திரும்பிவிட்டார். தட்டில் ஊற்றிய அளவு மிக அதிகம், அவ்வளவு யாரும் குடிக்க மாட்டார்கள். சத்தைக் கரைத்த திரவமே கொன்றிருக்கலாம், அதை மட்டும் தனியாக ஊற்றிய தட்டு இந்தக் கட்டில் இல்லை, அதைச் செய்யச் சொல்லிக் கேட்டிருக்கிறார். எலியின் செல் மனிதனுடைய செல் அல்ல. செல் உடம்பே அல்ல. வேறு எத்தனையோ காரணம் இருக்கலாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நன்மை என்றாலும் கிடையாது, கெடுதல் என்றாலும் கிடையாது. எதற்கும் கையெழுத்துப் போடாத ஆபீசர்களை என் சர்வீசில் நிறையப் பார்த்திருக்கிறேன். இவரும் அந்த ரகம்தான் என்று முடிவு கட்டினேன்.

ஆனால் மறுநாள் அவர் ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகவில்லை. என் மகளையும் கூட்டிக்கொண்டு, அரக்கோணத்தில் இறங்கி, ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் கொடுக்க வைத்துவிட்டுத்தான் அடுத்த வண்டி ஏறினார். அது எங்களுக்குச் சாயந்திரம்தான் தெரிந்தது. கல்லீரல் கணக்கு இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு இருந்தது. டாக்டர் விரதம், பொடி இரண்டையும் அன்றே நிறுத்தச் சொன்னார். நிறுத்தினாள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது கணக்கு இறங்கி ஒழுங்குக்கு வந்திருந்தது. குமட்டல் போய்விட்டது. போன எடையில் பாதி திரும்பி வந்துவிட்டது.

வாலாஜாக்காரர்கள் வருவதற்கு மூன்று வாரம் இருந்தது. மைத்துனன் ஒரு சனிக்கிழமை மாலை புது டப்பாவோடு வந்தான். பொடி என்ன செய்யும், கிருத்திகைக் கூட்டத்தில் ஊர்த் தண்ணீரே கெட்டுப்போய் அந்த மாதம் எத்தனை பேருக்குக் காமாலை வந்தது, பிள்ளை அந்தத் தண்ணீரைத்தானே குடித்தாள் என்றான். டாக்டர்கள் எல்லாவற்றையும் நிறுத்தத்தான் சொல்வார்கள் என்றான். எனக்கு அதிகம் பேச வராது. நேரே மாடிப்படிக்குப் போய் அந்த அம்மாளைக் கூப்பிட்டேன். மைத்துனன், மனைவி, மகள் மூவரையும் வைத்துக்கொண்டு, பொடிதானே காரணம், சொல்லுங்கள் என்றேன்.

என் பக்கம் பேசுவதற்கு அவருக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் இல்லை. ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார்.

"பொடியா இருக்கலாம். விரதத்தையும் அதே நாள்தான் நிறுத்தினோம், பட்டினியாவும் இருக்கலாம். தண்ணியாவும் இருக்கலாம் சார். ரெண்டு தெருவுல காமாலை இருந்துச்சு, அது நெசம்."

"பாத்தீங்களா பாவா," என்றான் மைத்துனன். "அவங்களே சொல்றாங்க." டப்பாவை மேஜை மேல் வைத்துவிட்டு, காலையில் வருகிறேன் என்று கிளம்பினான்.

அவன் போன பிறகு நான் கதவைச் சாத்தினேன். அந்த அம்மாள் மேல் எனக்கு அப்போது வந்த வெறுப்பை எழுத முடியாது. உண்மையை அவ்வளவு சுத்தமாக வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்? என் மகள் எழுந்து உள்ளே போனாள். ஒரு டம்ளர் வெந்நீரோடு வந்தாள். டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி அள்ளினாள். அள்ளியதை டம்ளருக்கு மேல் பிடித்தபடி மாடிப்படியின் அடியில் நின்றவரைப் பார்த்தாள்.

"அக்கா, எனக்கு இருக்கலாம் எல்லாம் வேணாம். மூணு வாரத்துல வராங்க. குடிக்கட்டுமா, வேணாமா?"

அவர் மாடிப்படிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். வழக்கமாக அந்தக் கைப்பிடியை அவர் தொடவே மாட்டார், எத்தனை பேர் கை பட்டதோ என்பார். காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. என் மகள் கரண்டியை இறக்கவில்லை.

"வேணாம்," என்றார்.

"ஏன்?"

"தெரியாது. எனக்குப் பயமா இருக்குது."

அதைச் சொன்னபோது அவர் முகம் ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் முகம்போல இருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் மாடியேறினார். என் மகள் கரண்டியைப் பார்த்தாள். பிறகு கரண்டியில் இருந்ததைத் திரும்ப டப்பாவில் கொட்டி மூடினாள். வெந்நீரை மட்டும் குடித்தாள்.

காலையில் மைத்துனன் வந்தான். டப்பா வைத்த இடத்திலேயே இருப்பதைப் பார்த்து, என்ன ஆயிற்று என்று கேட்டான். வேணாம் மாமா என்றாள் அவள். லேப்புக்காரம்மா வேணாம்னு சொன்னாங்க என்றாள். அவன் சண்டைக்குத் தயாராகவே வந்திருந்தான். அவர் சொல்லும் காரணம் எதுவானாலும் அதற்கு எதிராக ஒன்று அவனிடம் இருந்தது. இத்தனை மாதத்தில் அதை அவரிடமே கற்றுக்கொண்டிருந்தான்.

"இன்னா காரணம் சொன்னாங்க?"

"காரணம் ஒண்ணும் சொல்லல மாமா."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"ஒண்ணுமே சொல்லல. பயமா இருக்குதுன்னாங்க."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். மாடியை அண்ணாந்து பார்த்தான். அந்த அம்மாளா, அவங்க வாயாலயா என்று என்னிடம் திரும்பிக் கேட்டான். ஆமாம் என்றேன். என் மனைவி கொண்டு வந்து வைத்த காப்பியை அவன் தொடவில்லை. பிறகு டப்பாவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போக வேண்டும், வேலை இருக்கிறது என்று அவசரமாகக் கிளம்பினான். அன்று மத்தியானமே தன் பெண்டாட்டியை வண்டியில் உட்காரவைத்து ரத்தம் பார்க்க அரக்கோணம் கூட்டிப்போனான் என்பது எங்களுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.